சத்தம் வேறு, வேகம் வேறு

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் என்ன நடக்கும் என்பதைக் காமராஜர் சாலையை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் சாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் தூரத்தில் ஓர் உறுமல். கிட்டே வர வர ஜன்னல் கண்ணாடி அதிரும். வீட்டைக் கடக்கும்போது அணுகுண்டுப் பட்டாசு மாதிரி நாலைந்து முறை டமார், டமார். தெரு நாய்கள் எல்லாம் எழுந்து குரைக்கும். தூக்க மாத்திரை போட்டுப் படுத்த பெரியவர்களும் எழுந்து உட்காருவார்கள். வேறொன்றும் இல்லை, சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று போயிருக்கிறது. எப்போதாவது அது ஒரு ஸ்போர்ட்ஸ் காராகவும் இருக்கும்.

இதைப் பற்றி யாரிடம் குறைப்பட்டுக்கொண்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அது பெர்ஃபார்மன்ஸுக்காகப் பண்றது சார்." வண்டியின் இழுவையும் வேகமும் கூடுவதற்காகச் செய்கிறார்களாம். சத்தம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதாம். எஞ்சின் விஷயம் நமக்கென்ன தெரியும் என்று நம் வயதுக்காரர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் மூடுவதாக இல்லை. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு காரணம் எழுதினால் அதற்கு ஆதாரத் தாளைக் கேட்பான். இந்தப் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற காரணத்துக்கு ஆதாரத் தாள் கிடையாது. சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதற்கு வேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

பிரெஞ்சில் படித்த நாங்கள் புகைக்குழாயைப் 'போ தெஷாப்மான்' என்று சொல்லிப் பழகியவர்கள். 'போ' என்றால் பானை. 'எஷாப்மான்' என்றால் வெளியேறுவது. ஆக, புகை வெளியேறும் பானை. தமிழ்க் காதுக்கு 'போ' என்று விரட்டுவது போலவும் கேட்கும். அந்த வகையில் பொருத்தமான பெயர்தான். அந்தப் பானைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்ததும் ஒரு வால்வு திறக்கும். அழுத்தத்தோடு இருக்கும் சூடான வாயு ஒரே மூச்சில் குழாய்க்குள் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நாம் கேட்கும் வேட்டு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வேட்டு. ஒற்றை சிலிண்டர் புல்லட் நிமிஷத்துக்கு 1000 சுற்றில் நின்றுகொண்டிருந்தால் 500 வேட்டு, அதாவது வினாடிக்கு எட்டு. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இந்த வேட்டுகளின் ஒலி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன.

கடைக்காரரின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே தடுப்பு இருந்தால் புகை வெளியே போகச் சிரமப்படும், அதைத் தள்ளுவதிலேயே எஞ்சின் தன் சக்தியைச் செலவழிக்கும், தடுப்பை எடுத்துவிட்டால் அந்தச் சக்தி சக்கரத்துக்கு வந்துவிடும் என்பார். கேட்க நியாயமாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. உள்ளே போகும் காற்று, பெட்ரோல் அளவு, பொறி விழும் நேரம், குழாயின் நீளம், விட்டம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, பந்தயத்துக்கென்றே எஞ்சினை அமைத்தால், உச்சச் சுற்றில் கொஞ்சம் குதிரைச் சக்தி கூடத்தான் செய்யும். டர்போ வைத்த கார்களில் இன்னும் சற்று அதிகமாகவே கூடும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் புகைக்குழாய் வெறும் ஓட்டை இல்லை. ஒரு வேட்டு குழாயில் ஓடும்போது, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் அலை உண்டாகிறது. அது சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பி வந்தால், சிலிண்டருக்குள் மிச்சம் கிடக்கும் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். கம்பெனிக்காரர்கள் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் இதற்காகத்தான் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கலைத்துப் பெரிய விட்டத்தில் ஒரு வெற்றுக் குழாயை மாட்டினால், புகையின் ஓட்டம் தளர்ந்து, குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். ராஜீவ் காந்தி சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்புவதற்கு வேண்டியது அந்தக் குறைந்த சுற்றின் இழுவைதான்.

யமஹா ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் வந்த வண்டி. நம் பிள்ளைகள் அதன் மேல் பைத்தியமாக இருந்தார்கள். இன்று பேரப்பிள்ளைகளும் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தடுப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக்கில் புகைக்குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பு மாதிரி. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் குழாயை மெருகேற்றி, எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை அலையாலேயே சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளினார். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல ஓடியது. 1961-ல் அந்தக் கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி ஓடி, அந்த வித்தையோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். மறு வருஷமே 50 சி.சி. பிரிவில் சுசுகி உலகப் பட்டம் வாங்கியது. ஒரு குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு. நம் ஊரில் அதை ஹாக்ஸா பிளேடால் அறுக்கிறார்கள்.

சரி, கொஞ்சம் சக்தி கூடியதாகவே வைத்துக்கொள்வோம். அதை எங்கே செலவழிப்பது? ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் உச்ச சக்தி சுமார் 20 குதிரைச் சக்தி. அது கிடைப்பது நிமிஷத்துக்கு 6100 சுற்றில். ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போக அந்த வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு குதிரைச் சக்தி போதும். காற்றின் தடையையும் சக்கரத்தின் உராய்வையும் வைத்துக் கணக்குத் தெரிந்த எந்த மாணவனும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பாக்கி 18 குதிரைகள் லாயத்தில் சும்மா நிற்கின்றன. அதை 19 ஆக்கிக்கொண்டு காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் என்ன செய்வது?

அந்த 'டமார்' சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓடும் வண்டியில் கில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். அணைந்திருக்கும் நேரத்தில் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் சேரும். திரும்பப் போட்டதும் அது குழாய்க்குள்ளேயே வெடிக்கும். சக்கரத்தை ஓட்ட வேண்டிய பெட்ரோலைக் குழாயில் கொளுத்துகிறார்கள். பெர்ஃபார்மன்ஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நேர் எதிரான காரியம் இருக்க முடியாது.

கார்க்காரர்களின் கதைக்கு வருவோம். புதுச்சேரிப் பதிவு எண்ணோடு எத்தனை விலை உயர்ந்த கார்கள் வெளியூர்களில் ஓடுகின்றன என்பது 2017-ல் கேரளத்தில் சாலை வரி விவகாரம் வெடித்தபோது ஊருக்கே தெரிந்தது. அந்த ரகக் கார் வைத்திருப்பவர்களில் சிலர் சைலன்சரோடு நிற்பதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுகிறார்கள்.

அது என்ன சாமான்? பிரெஞ்சில் 'போ காத்தாலித்தீக்'. தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஒரு பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற மூன்று விலை உயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூன்று விஷங்களும் அந்தச் சூடான துளைகளின் வழியே போகும்போது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் சாதாரண நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. நன்றாகச் சூடேறிய கன்வெர்ட்டர் இந்த விஷங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தீர்த்துவிடும். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-க்குள் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று பந்தயப் பிரியர்களான தம்பிகளிடம் கேட்டால் தெரியாது. எழேன் ஊத்ரி என்ற பிரெஞ்சுக்காரர். ஆங்கிலத்தில் ஹூட்ரி என்பார்கள். பாரீசுக்குப் பக்கத்தில் தொமோன் என்ற ஊரில் 1892-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்து காயம்பட்டவர். அவருக்குக் கார்ப் பந்தயத்தில் பெரிய மோகம். பந்தயக் கார் வேகமாக ஓட நல்ல பெட்ரோல் வேண்டும் என்று தேடப் போய்த்தான் கச்சா எண்ணெயை வினையூக்கியால் உடைத்து உயர்ந்த பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டார். பிறகு அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூடியிருப்பதைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டு, தன் வினையூக்கி அறிவை அப்படியே புகைக்குழாய்க்குத் திருப்பினார். 1956-ல் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை பெற்றார். ஈயப் பெட்ரோல் இருந்தவரை அது கார்களில் ஏற முடியவில்லை. 1962-ல் அவர் இறந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 1975 மாடல் அமெரிக்கக் கார்களில்தான் பரவலாக வந்தது.

வேகத்தை உண்மையிலேயே நேசித்த மனிதர் ஊர் மூச்சுவிட வேண்டும் என்று செய்து வைத்ததை, வேகத்தின் பெயரைச் சொல்லிக் கழற்றிப் போடுகிறார்கள்.

கழற்றினால் என்ன கிடைக்கிறது? இன்றைய கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஆக்ஸிஜன் உணர்விகள் இருக்கின்றன. கன்வெர்ட்டர் போனதும் பின்னால் இருப்பது கம்ப்யூட்டருக்குப் புகார் சொல்லும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். அதை ஏமாற்ற இன்னொரு செலவு. கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றி எழுத மேலும் ஒரு செலவு. இத்தனைக்கும் பிறகு கூடுவது, டர்போ இல்லாத காரில், ஓட்டுகிறவரால் சாலையில் உணர முடியாத அளவு.

இன்னொரு வேடிக்கை. 2021-ல் ரோடியத்தின் விலை ஓர் அவுன்ஸுக்கு 29,000 டாலர் வரை போனது. தங்கத்தைப் போலப் பல மடங்கு. அந்தச் சமயத்தில் குஜராத், மகாராஷ்டிரப் பக்கங்களில் ஈகோ வேன்களின் சைலன்சரைத் திருடர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கும் கன்வெர்ட்டருக்காக! திருடனுக்குத் தெரிந்த அருமை, காசு கொடுத்துக் கழற்றச் சொல்லும் உரிமையாளருக்குத் தெரியவில்லை. கழற்றிய பழைய சாமான் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பதுகூட இல்லை.

சத்தம் இல்லாமல் வேகம் இல்லை என்பவர்களுக்கு மூன்று சாட்சிகளை நிறுத்துகிறேன்.

முதல் சாட்சி லெ மான். பிரான்சில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயம். 2006-ல் அங்கே ஆடி ஆர்10 என்ற டீசல் கார் ஜெயித்தது. அந்தப் பந்தயத்தை ஜெயித்த முதல் டீசல் கார் அது. புகைக்குழாயில் கரித்தூள் வடிகட்டி வைத்திருந்தார்கள். ஓடும் சத்தமே தெரியவில்லை என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். வடிகட்டியைக் கழற்றாமலே 2007-லும் 2008-லும் அதே கார் ஜெயித்தது.

இரண்டாம் சாட்சி ஃபார்முலா 1. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் போய் ஓட்டியபோது அந்தக் கார்களில் பத்து சிலிண்டர். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். 2014-ல் ஆறு சிலிண்டர் டர்போவும் மின் மோட்டாரும் சேர்ந்த எஞ்சின் வந்தது. வீணாகச் சத்தமாகவும் சூடாகவும் போய்க்கொண்டிருந்த சக்தியில் ஒரு பகுதியை டர்போ பிடித்துத் திரும்பக் கொடுத்தது. கார் அமைதியானது. ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். மெர்சிடிஸ் அணி குழாய் முனையில் ஒலிபெருக்கிக் குழல் மாதிரி ஒன்றை மாட்டிச் சோதித்தும் பார்த்தது, பலிக்கவில்லை. ஆனால் வேகம்? 2004-ல் மோன்சாவில் பத்து சிலிண்டர் கார் மணிக்குச் சராசரி 262 கிலோமீட்டரில் ஒரு சுற்று போயிற்று. 2020-ல் அதே ஓடுகளத்தில் அமைதியான ஆறு சிலிண்டர் காரில் லூயிஸ் ஹாமில்டன் 264-ல் போனார்.

மூன்றாம் சாட்சி அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 156 வளைவு, உச்சி 4,300 மீட்டர் உயரம். 2013-ல் பிரெஞ்சு வீரர் செபாஸ்தியான் லேப் பெஜோ காரில் 8 நிமிஷம் 13 வினாடியில் ஏறினார். 2018-ல் இன்னொரு பிரெஞ்சு வீரர் ரோமேன் துமா அதை 7 நிமிஷம் 57 வினாடியாக்கினார். அவர் ஓட்டியது ஃபோக்ஸ்வாகன் மின்சாரக் கார். அதில் சைலன்சரும் இல்லை, புகைக்குழாயும் இல்லை, கழற்ற ஒன்றுமே இல்லை. எட்டு நிமிஷத்துக்குள் அந்த மலையில் ஏறிய முதல் கார் அதுதான்.

கார்க் கம்பெனிகளுக்கே இது தெரியும். பிஎம்டபிள்யூ எம்5 என்ற வேகக் காரில் 2011 மாடலிலிருந்து எஞ்சின் உறுமலை உள்ளே ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். ஓட்டுகிறவருக்கு உறுமல் வேண்டும் என்றால் கேசட் போடுவது போலப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், ஊருக்குக் கேட்க வேண்டியதில்லை. நிறைகுடம் தளும்பாது என்று நம் பெரியவர்கள் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்துகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன், நல்ல பிள்ளை. பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துப் புல்லட்டுக்குப் புதுக் குழாய் மாட்டியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னாப்பா, இது எவ்ளோ வேகம் கூட்டுச்சு?"

"சூப்பரா இருக்கு தாத்தா. பிக்கப் செமையா இருக்கு."

"அளந்து பாத்தியா?"

"அளக்கறதா? ஓட்டும்போதே தெரியும் தாத்தா."

"மைலேஜ்?"

"கொஞ்சம் கொறைஞ்சிருக்கு."

"பழைய சைலன்சர் எங்க?"

"கடையிலயே வெச்சுக்கிட்டாங்க."

"அதுக்குக் காசு குடுத்தாங்களா?"

தலையைச் சொறிந்தான். நான் மேலே கேட்கவில்லை. பன்னிரண்டாயிரமும் போய், உள்ளே கன்வெர்ட்டரோடு இருந்த சைலன்சரும் போய், மைலேஜும் போயிருக்கிறது. கிடைத்தது ஒரு நம்பிக்கை. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு நினைத்துக்கொள்ளும். கடைக்காரர் விற்றது அந்த நினைப்பைத்தான்.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். புல்லட்டின் சத்தம் ஒரு பாரம்பரியம் என்கிறார்கள். 1950-களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய வண்டி, அதன் தாளம் யாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தாளம் கம்பெனி மாட்டிய சைலன்சரோடு வந்தது. தவிலை ரசிப்பவன் அதன் தோலைக் கிழித்துவிட்டு ரசிப்பதில்லை.

சத்தம் கேட்டால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், அதனால் உயிருக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். புகைக்குழாய் பின்பக்கம் பார்த்துக் கத்துகிறது. ஆபத்து முன்பக்கம் இருக்கிறது. எதிரில் வருபவன் பார்க்கட்டும் என்றுதான் 2017 முதல் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் எரிகிறது. ஹாரனும் இருக்கிறது.

கோயில் ஒலிபெருக்கியும் அரசியல் கூட்டமும் இதைவிடச் சத்தம் இல்லையா என்கிறார்கள். சத்தம்தான். அவற்றுக்கு அனுமதி, நேரம் என்று ஏதோ ஒரு வரம்பு இருக்கிறது, மீறினால் யார் என்று தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து போகும் புல்லட்டுக்கு முகவரி கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தயாராகி வரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 45. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. 80-ல் வந்த வண்டியை 100-க்குக் கொண்டுபோனால், ஒரு வண்டியில் நூறு வண்டியின் சத்தத்தை ஏற்றியதாக அர்த்தம். எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் படுத்திருக்கும் பச்சைக் குழந்தைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் அதே நூறுதான்.

மத்திய மோட்டார் வாகன விதி 120 ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனியின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. 190(2) பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 1810-ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்திலேயே 'தபாழ் நொக்த்யூர்ன்', அதாவது இரவில் கூச்சல் போட்டு ஊரின் அமைதியைக் கெடுப்பது, குற்றம். அப்போது மோட்டாரே கிடையாது! இன்று பாரீசில், சைலன்சரை மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் நள்ளிரவில் நகரத்தைக் கடந்தால் பத்தாயிரம் பேர் வரை எழுப்பிவிடலாம் என்று அங்கே ஒலியை அளக்கும் அமைப்பு கணக்குச் சொன்னது. 2022-ல் தெருவில் ஒலி ராடாரே வைத்துவிட்டார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? அவ்வப்போது நாலு பையன்களை நிறுத்தி அபராதம் போடுகிறார்கள். வேறு ஊர்களில் பறித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிப் படம் எடுக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாளே அதே சரக்கு கடை வாசலில் தொங்குகிறது. வாங்கியவன் குற்றவாளி, மாட்டிக் கொடுத்தவன் வியாபாரி. கள்ளச் சாராயம் குடித்தவனை மட்டும் பிடித்துவிட்டுக் காய்ச்சியவனை விட்டால் சாராயம் ஒழியுமா?

என் கோரிக்கை மூன்று. ஒன்று, ரசீதும் அத்தாட்சியும் இல்லாத சைலன்சரை விற்கும் கடையிலும் மாட்டும் பட்டறையிலும் போய்ச் சோதனை போடுங்கள். சாலையில் ஆயிரம் பேரைத் துரத்துவதைவிட ஊரில் உள்ள கடைகளை எண்ணுவது சுலபம். இரண்டு, புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் ஒரு டெசிபல் மீட்டரையும் வையுங்கள். இப்போது பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டும் அளக்கிறார்கள், சத்தத்தை யாரும் அளப்பதில்லை. ஜன்னல் அதிர ஓடும் வண்டியும் செல்லுபடியாகும் சான்றிதழோடு ஓடலாம். மூன்று, வேகம்தான் வேண்டும் என்கிற பிள்ளைகளை ஓடுகளத்துக்கு அனுப்புங்கள். நம் காலத்தில் சோழவரத்தில் பந்தயம் நடந்தது நினைவிருக்கும். இன்று இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே கடிகாரம் வைத்து அளப்பார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் குழாய் எத்தனை வினாடி மிச்சம் பிடித்தது என்பது அங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டிகளில் பாதி யார் காசில் வாங்கியவை? ஓய்வூதியத்திலும், பிரெஞ்சுப் பென்ஷனிலும், சேமித்து வைத்த வைப்புத் தொகையிலும் தாத்தாவும் பாட்டியும் பேரனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தவை. வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கும்போதே கம்பெனி சைலன்சர் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டான் என்றால் திட்ட வேண்டாம். திட்டினால் இன்னும் முறுக்குவான். "எத்தனை வினாடி கூடுச்சு, அளந்து காட்டு" என்று மட்டும் கேளுங்கள். பழைய சைலன்சர் எங்கே என்றும் கேளுங்கள். பதில் வராது. அடுத்த முறை கடைக்காரரிடம் அவனே அந்தக் கேள்வியைக் கேட்பான்.